சிங்கவரத்தில் படுத்திருப்பவரின் பெயர்

போன வாரம் வாக்காளர் பட்டியல் வேலைக்கான பயிற்சிக் கூட்டத்தில் மைக்கை என் கையில் கொடுத்து, "பழைய ஆளு நீங்க, புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். நான் எழுந்து, "எல்லாரும் நல்லா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். சீக்கிரம் முடித்ததற்காக இருக்கலாம். கூட்டத்தில் பேசுவது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன்.

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பள்ளி வேலையோடு சேர்த்து ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட தெருக்களின் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் கொடுத்திருந்தார்கள். இப்போது இரண்டிலிருந்தும் ஓய்வு. தெருவில் இன்னும் "ஓட்டு லிஸ்ட் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படிவம் நிரப்புவதையும் அதைச் செல்போனில் ஏற்றுவதையும் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குக் கடைசிவரை அந்தச் செல்போன் செயலியில் எதை அழுத்தினால் திரும்பி வரலாம் என்றே தெரியவில்லை. நான் சொல்ல நினைத்தது, வாசலில் நின்று கேட்கிற கேள்வியைப் பற்றி. அதிலும் எனக்கு முழுத் தெளிவு கிடையாது. தெளிவு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். மருமகள் உள்ளே இருந்தபடியே, "அவரு போயிட்டாருங்க" என்றார். எங்கே போனார் என்று கேட்க எனக்குக் கூச்சம். செத்தவர் வீட்டில் போய் எங்கே என்று எப்படிக் கேட்பது? இறந்தவர் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து அந்தப் பெரியவர் பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து திரும்பி, நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"என்னை எடுத்துக்கினு போனீங்களாமே சார். யாரு யாரு வந்திருந்தாங்க? மாலை கீலை போட்டீங்களா?"

வாட்ச்மேன் முதல் தலைமையாசிரியர் வரை சிரித்தார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து வாக்குச்சாவடியைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைவிடச் சின்னவர், வாய் மட்டும் பெரியது.

"போயிட்டாருன்னு சொன்னா, எப்ப வருவாருன்னு கேளுங்கண்ணா. அழுதா ஒண்ணு, தேதி சொன்னா ஒண்ணு. இதுக்குப் போய் டென்ஷன் ஆவுறீங்க."

அன்றிலிருந்து எத்தனையோ வாசல்களில் அப்படித்தான் கேட்டேன். ஒரே ஒரு வாசலில் மட்டும் அது உதவவில்லை. அந்த வாசலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

சிங்கவரம் போகிற ரோட்டிலிருந்து பிரிகிற தெரு அது. கோட்டைப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு குடும்பம் அங்கே புதிதாக வீடு கட்டிக் குடி வந்திருந்தது. பெயரை இந்தத் தெருவுக்கு மாற்ற நான் போனபோது, ஓர் அம்மா வாசலில் மல்லாட்டைக் கொடியைப் பரப்பிப்போட்டு வேர்க்கடலைக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

"பேரு?"

"அலமேலு."

"வீட்டுக்காரர் பேரு?"

"அத்த எப்பிடி சார் நான் சொல்றது?"

புருஷன் பெயரைச் சொல்லாத பழக்கம் உங்களுக்கும் தெரியும். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். என் அம்மாவும் சொன்னதில்லை. இப்படி வந்தால் அந்தப் பெண்கள் சாமி பெயரையோ கிழமையையோ காட்டுவார்கள், நாம் கண்டுபிடிக்க வேண்டும். பேனாவோடு காத்திருந்தேன்.

"சிங்கவரத்துல படுத்துக்கினு இருக்காரு பாரு, அவரு பேருதான்" என்றார்.

நான் திண்டிவனம் பக்கத்துக்காரன். அப்போது செஞ்சிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. "ஏம்மா, உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த காயெல்லாம் கொட்டிவிட்டது.

"சாமிய சொல்றா சார்! மலையில படுத்துக்கினு இருக்குற பெருமாளு!"

"இன்னா சாரு, பெருமாளுக்கு ஊசி போடச் சொல்லுவாரு போலக்குது."

எனக்குக் காது சுட்டது. சிங்கவரத்துப் பாறையில் பெருமாள் படுத்த கோலத்தில் இருப்பதும், அவர் ரங்கநாதர் என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கணவர் பெயர் ரங்கநாதன் என்று எழுதினேன். அதை வாய்விட்டு ஒருதரம் படித்திருக்க வேண்டும். "ரங்கநாதன், சரிதானே?" என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் மூன்று பேரில் ஒருவராவது திருத்தியிருப்பார். ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அந்தச் சிரிப்பிலிருந்து தப்பித்தால் போதும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த திருத்தத்தின்போது தன் பெயரையும் அதே வீட்டு எண்ணுக்கு மாற்றச் சொல்லி ஒருவர் தானாகவே படிவம் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் பள்ளிகொண்டான். நல்ல உயரம், கையில் மண்வெட்டிக் காய்ப்பு, பேச்சில் எப்போதும் கேலி. இவர் ரங்கநாதனின் தம்பியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள். எழுதிவிட்ட ஒன்றை நம்புவது அவ்வளவு சுலபம்.

என் கவலையெல்லாம் ரங்கநாதனைப் பற்றியே இருந்தது. மனைவி பெயர் பட்டியலில் இருக்கிறது, தம்பி பெயர் இருக்கிறது, அவர் பெயர் மட்டும் இல்லை. தகுதியுள்ள ஒருவர் விட்டுப்போகக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். ஆகவே ஒரு வருடம் அந்த வீட்டுக்குப் போனபோது அலமேலு அம்மாளிடம் கேட்டேன்.

"ரங்கநாதன் எப்ப வருவாரு?"

அவர் அழவில்லை. தேதியும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அவரு எங்க சார் வர்றாரு? நாமதான் போவணும்."

வெளியூரில் எங்கோ வேலையில் இருக்கிறார், வர முடியாத நிலைமை என்று எடுத்துக்கொண்டேன். பெயர் சேர்க்கும் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, மேலே பென்சிலால் "ரங்கநாதன் — வெளியூர்" என்று குறித்து, வந்தால் நிரப்பித் தரச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை தெருமுனையில் பள்ளிகொண்டானைப் பார்த்தபோது, "உங்க அண்ணன் எப்படி இருக்காரு?" என்று விசாரித்தேன்.

அவர் தோளிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நல்லாத்தான் சார் படுத்துக்கினு இருக்காரு" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் என்னைப் பெரிய கிண்டல்காரன் என்று நினைத்திருந்தார்களாம். வந்தால் முகத்தை மாற்றாமல் பெருமாளை விசாரிக்கிறாரே, இவர் சாதாரண ஆள் இல்லை என்று. என் வாழ்க்கையில் என்னை அப்படி நினைத்தவர்கள் அவர்கள் மட்டுமே.

இப்படியே பல வருடங்கள். அப்புறம் பள்ளிகொண்டான் இறந்துபோனார். வயலில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். தெரிந்த மனிதர் என்று ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். அலமேலு அம்மாளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கொழுந்தனார் சாவுக்கு இவரைச் சுற்றி ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. பந்தலில் நின்ற ஒருவரிடம் மெதுவாக, "அண்ணன் ரங்கநாதன் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"எந்த ரங்கநாதன்?"

"இந்த அம்மா வீட்டுக்காரர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தம்மா வூட்டுக்காரருதான் சார் உள்ள கெடக்குறாரு. இந்த வூட்டுல ஏது ரங்கநாதன்?"

படுத்திருக்கும் பெருமாளுக்கு ரங்கநாதன் என்றும் பெயர், பள்ளிகொண்டான் என்றும் பெயர். அது மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. நான் விசாரித்துக்கொண்டிருந்த ஆள் ஒவ்வொரு முறையும் என் எதிரிலேயே நின்றிருக்கிறார்.

மறுநாளே போய்த் திருத்தம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். போகவில்லை. சாவு வீட்டில் போய், "உங்க புருஷன் பேரை நான் தப்பா எழுதிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? காரியம் முடியட்டும், ஒரு மாதம் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். இறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பள்ளிகொண்டான் பெயரை மட்டும் நீக்கினேன். அந்த அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ரங்கநாதன் அப்படியே இருந்தார்.

அதற்குள் பெரிய திருத்தம் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். இருபது வருடத்துக்கும் முந்தின பழைய பட்டியலில் அவருடைய பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் நோட்டீஸ், விசாரணை. அதிலும் ஒத்துவராவிட்டால் பெயர் போய்விடும். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் எப்படி அலைந்தோம் என்று உங்களில் சிலருக்காவது தெரியும்.

அலமேலு அம்மாளின் படிவத்தை எடுத்தேன். பழைய பட்டியலில் கோட்டைப் பக்கத்துத் தெருவில் "அலமேலு, கணவர் பள்ளிகொண்டான்" என்று சரியாக இருந்தது. எனக்கு முன் இருந்தவர் ஒழுங்காகக் கேட்டு எழுதியிருக்கிறார். இப்போதைய பட்டியலில் "அலமேலு, கணவர் ரங்கநாதன்". ஆதாரை எடுத்துப் பார்த்தால் அதிலும் ரங்கநாதன், வங்கிப் புத்தகத்திலும் ரங்கநாதன். நான் எழுதிய பெயரோடு வந்த வாக்காளர் அட்டையைக் காட்டித்தான் அவையெல்லாம் வாங்கியிருக்கிறார். அலமேலுவையும் பள்ளிகொண்டானையும் சேர்த்துக் காட்ட இருந்த ஒரே தாள் ரேஷன் கார்டு. அதிலும் பள்ளிகொண்டான் இறந்ததும் பெயரை எடுத்துவிட்டார்கள். தாளை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு அலமேலுகள்.

படிவங்களை ஏற்றி முடிக்க வேண்டிய கடைசி நாள். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நானும் அங்கன்வாடி டீச்சரும் உட்கார்ந்திருந்தோம். அவர் என் செல்போனைப் பிடுங்கித் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கெடைச்சிட்டாங்க! பழைய லிஸ்டுலயே இருக்காங்க பாருங்க. அலமேலு, கணவர் ரங்கநாதன். அப்பிடியே பொருந்துது."

பார்த்தேன். வேறு தெரு. எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பிறகு வயதைப் பார்த்தேன். அப்போதே அறுபத்தொன்று. நம் அலமேலுவுக்கு அப்போது முப்பத்தைந்துகூட இருக்காது.

"இது வேற அம்மா டீச்சர்."

"பேரு பொருந்துது, வூட்டுக்காரர் பேரு பொருந்துது. வயசுல ஆயிரம் தப்பு இருக்குது. உங்க வயசே சர்டிபிகேட்டுல தப்புன்னு நீங்கதான சொன்னீங்க? ஏத்திட்டு டீ குடிங்க."

அது உண்மை. என் வயது சான்றிதழில் தப்பாகத்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு ஏற்பட்ட குழப்பத்தை உங்களுக்குப் புரியவைக்க முடியுமா தெரியவில்லை. உண்மையாக அவருடையதாக இருந்த பதிவு தாளில் பொருந்தவில்லை. பொருந்திய பதிவு அவருடையது இல்லை. பொய்யை ஏற்றினால் அந்த அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, என் தப்பும் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் புருஷனை இழந்த பெண்ணைத் தாலுகா ஆபீஸுக்கு அலையவிட வேண்டும். டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் அந்த அம்மாவுக்காகத்தான் சொன்னார்.

ஆனால் அந்த இன்னொரு அலமேலு யாரோ. அவர் பிள்ளைகளில் யாராவது தங்கள் படிவத்தில் அம்மா பெயரைக் காட்ட வந்தால், அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே ஒரு வீட்டில் இல்லாத ஆளை உண்டாக்கியிருக்கிறேன். இன்னொரு வீட்டில் இருந்த ஆளை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. பொருந்தவில்லை என்று குறித்து ஏற்றினேன்.

"நல்லா இருக்கீங்கண்ணா நீங்க" என்று டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செய்தது சரிதானா என்று அன்றும் தெரியவில்லை. நோட்டீஸைக் கொடுக்கப் போனபோது இன்னும் மோசம். அலமேலு அம்மாள் அதை வாங்கி மடித்து, மறுபடி பிரித்து, என்னிடமே நீட்டினார்.

"இன்னா சார் இது?"

சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

"பேரு இல்லன்னா இன்னா ஆவும்? ரேஷன் நிறுத்திடுவாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"அப்பிடித்தான் சொல்லுவீங்க." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "அவருதான் இல்லன்னு எழுதிட்டீங்க. இப்ப நானும் இல்லன்னு எழுதப்போறியா சார்?"

 விசாரணை நாளைச் சொல்லி, அங்கே பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லாமல் உண்மையான பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குத் தாலுகா ஆபீஸில் நல்ல கூட்டம். பக்கத்து அனந்தபுரத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அதிகாரி இளைஞர், தெற்கு மாவட்டத்துக்காரர், பொறுமையானவர்தான். காலையிலிருந்து நூறு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டவரின் குரல் அவருக்கு. அலமேலு அம்மாள் துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்றில் எல்லாத் தாளையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பின்னால் சுவர் ஓரமாக நின்றேன். டீச்சரும் தன் வாக்குச்சாவடி ஆட்களோடு அங்கே இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா."

"சிங்கவரத்துல படுத்துக்கினு இருக்காரே சார், அவரு பேரு."

"சிங்கவரத்தில இருக்காரா? அப்ப அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

கூட்டத்தில் சிரிப்பு.

"அவரு எறந்துட்டாரு சார்."

"படுத்திருக்காருங்கறீங்க, இறந்துட்டாருங்கறீங்க. எதும்மா?"

சிரிப்பு பெரிதானது. யாரோ, "சாமி பேரு சார், ரங்கநாதரு" என்று எடுத்துக்கொடுத்தார். அதிகாரி தாளைப் பார்த்து, "ஆமா, ரங்கநாதன்னு இருக்கே. அப்ப இந்த இறப்புச் சான்றிதழ் யாருக்கு? பள்ளிகொண்டான்னு இருக்கு. அது வேலூர்ப் பக்கம் ஊர்ப் பேரு இல்லையா?" என்றார். அலமேலு அம்மாள் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை. பேனா எழுதப் போகும் இடத்தை நான் பார்த்தேன். எத்தனையோ வருடத்துக்கு முன் மல்லாட்டைக்கு நடுவில் நடந்த அதே தப்பு என் கண்முன் மறுபடி நடக்கிறது. இந்தமுறை அது ஒரு பெயரோடு நிற்காது, ஆளையே எடுத்துவிடும்.

நான் முன்னால் போனேன். போன ஞாபகம் இல்லை, மேஜையருகே நின்றது மட்டும் ஞாபகம்.

"சார், ரங்கநாதன்னு யாரும் இல்ல. அந்தப் பேரை எழுதினது நான். தப்பு என்னுது."

 அதிகாரி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு திக்கினேன் என்று டீச்சர் இப்போதும் நடித்துக் காட்டுவார். "இதுக்கு ஏதாவது சாட்சி இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை.

அலமேலு அம்மாள் கவரை அவிழ்த்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கிய வெற்றுப் படிவம். மேலே என் கையெழுத்தில், பென்சிலில், "ரங்கநாதன் — வெளியூர்".

"இவுருதான் குடுத்தாரு. அவரு பத்திரமா வச்சிருந்தாரு. சார் திரும்ப கேட்டா குடுக்கணும்னு."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எழுத்துல குடுங்க. திருத்திடலாம்" என்றார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார். "ஆனா அவர் பேரு என்னன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்மா. வேற யாரும் சொல்லி நான் எழுதக் கூடாது."

அலமேலு அம்மாள் கவரை மறுபடி கட்ட ஆரம்பித்தார். பின்னாலிருந்து டீச்சர், "சொல்லுங்கம்மா, இனிமே சொன்னா அவருக்கு ஆயுசா கொறையப்போவுது?" என்றார். சொன்ன மறு நொடியே டீச்சரின் முகம் மாறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அலமேலு அம்மாள் மேஜையில் இருந்த இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அதிகாரியிடம் சொல்லவில்லை, எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளிடம், உதடு மட்டும் அசைகிற மாதிரி, "பள்ளிகொண்டான்" என்றார்.

"கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அதிகாரி.

அந்த அம்மாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

"நான் கேட்டுட்டேன் சார்" என்றேன். "பள்ளிகொண்டான்னு சொன்னாங்க. அதுக்கும் சேர்த்து எழுதிக் குடுக்குறேன்."

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுதினார்.

உங்களுக்குச் சொல்ல நான் வைத்திருந்த ஒரே பாடம், எதையும் இன்னொரு தரம் கேளுங்கள் என்பது. அதைக் கேட்காமல்தான் இவ்வளவும் வந்தது. அன்று இன்னொரு தரம் கேட்கவந்தவரை நிறுத்தியவனும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒரு விதியாக எழுத முடியுமா என்று பலநாள் முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. எந்த வாசலில் எது என்று அங்கே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இறுதிப் பட்டியல் வந்ததும் போய்க் காட்டினேன். அலமேலு, கணவர் பள்ளிகொண்டான். விரலை வைத்துக் காட்டினேன், வாய்விட்டுப் படிக்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பழைய பேரே இருந்திருக்கலாம் சார்."

"ஏம்மா?"

"ரங்கநாதன்னா நான் எங்க வேணா சொல்லுவேன். பேங்குல, ஆஸ்பத்திரியில, யாரு கேட்டாலும் பட்டுன்னு சொல்லுவேன். அது அவரு பேரு இல்லியே. அவருகூட சிரிப்பாரு, உனக்கு ஓட்டு லிஸ்ட் சாரு ஒரு நல்ல பேரு எழுதிக் குடுத்துட்டாருன்னு. இப்ப யாராச்சும் கேட்டா இன்னாத்த சொல்றது?"

நான் இதை யோசிக்கவே இல்லை. என் தப்பை எத்தனை வருடமாக அவர் உபயோகப்படுத்திக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டியல் சரியாகிவிட்டது. அதில் சந்தேகம் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் சரி செய்தேனா, கெடுத்தேனா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் ஒரு சீட்டு கேட்டார். வெள்ளைத் தாளில் பள்ளிகொண்டான் என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் காட்டிக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்துக் கடைவீதியில் பார்த்தேன். பேங்கில் பெயரை மாற்றிவிட்டு வருவதாகச் சொன்னார்.

"சீட்டக் காட்டினேன் சார். எழுதிக்கினாங்க. அப்ப ரங்கநாதன் இன்னா ஆனாருன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"போயிட்டாருன்னேன்."

நான், எப்ப வருவாரு என்று கேட்கவில்லை.